நடக்கச் சிரமப்படுவோருக்குக் கரைச்சுற்றுலா: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கத்துக் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தருவது என் வேலை. கப்பல் பயணம் என்றதும் பிள்ளைகளுக்கு முதலில் வரும் யோசனை, "அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமே" என்பதுதான். அடுத்த நிமிடமே சந்தேகங்கள் வந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முழங்கால் தேய்ந்தவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள், பிறவியிலிருந்தே சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் என எல்லோரையும் மனத்தில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

கரைச்சுற்றுலா என்றால் என்ன? கப்பல் டிக்கெட்டிலேயே அது சேர்ந்திருக்காதா?

கப்பல் காலையில் ஒரு துறைமுகத்துக்கு வந்து, பெரும்பாலும் மாலையில் கிளம்பிவிடும். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் அந்த ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் கரைச்சுற்றுலா. பெரும்பாலான கப்பல்களில் இதற்குத் தனிக் கட்டணம். கப்பல் நிறுவனத்திடமே பதிவு செய்யலாம், நாமே வண்டி அமர்த்திக்கொள்ளலாம், இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடவும் செய்யலாம்.

அப்பா வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறார். சக்கர நாற்காலி என்றாலே கோபம் வருகிறது. அவசியம் கேட்டு வைக்க வேண்டுமா?

வீட்டுக்குள் நடப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். உட்காராமல் எவ்வளவு தூரம் நடப்பார்? கைப்பிடி இல்லாத படி எத்தனை ஏறுவார்? ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்? துறைமுக முனையத்தில் பரிசோதனை வரிசை உண்டு, வெளிநாட்டுப் பயணம் என்றால் குடியேற்ற வரிசையும் உண்டு. நடக்கத் தெம்புள்ள பலர் நிற்கும்போதுதான் தளர்ந்துபோகிறார்கள்.

விமான நிறுவனங்களும் இப்படித்தான் பிரிக்கின்றன. அவர்களுடைய குறியீடுகளில் டபிள்யூ.சி.எச்.ஆர். (WCHR) என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது. டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை முழு உதவி வேண்டும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பறந்து போய்க் கப்பல் ஏறுகிறீர்கள் என்றால், இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள்.

கோபத்துக்கு வருகிறேன். நாற்காலி வேண்டுமா என்று மகனிடம் கேட்டு முடிவெடுப்பதுதான் அந்தக் கோபத்துக்குப் பாதிக் காரணம். அவரிடமே கேளுங்கள். "நாள் முழுக்க உட்கார வேண்டாம் அப்பா, முனையத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் மட்டும்தான், மற்ற நேரம் மடக்கி வண்டியில் போட்டுவிடலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்பவர்கள் அதிகம்.

எவ்வளவு நாள் முன்பே தொடங்க வேண்டும்?

கப்பலைப் பதிவு செய்யும் அன்றே. பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிடமும் சிறப்புத் தேவைப் படிவம் ஒன்று இருக்கும். நாற்காலியின் அகலம், எடை, மடக்க முடியுமா, மின்கலம் எந்த வகை என்பதையெல்லாம் அதில் கேட்பார்கள். பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே அது போய்ச் சேர வேண்டும். சக்கர நாற்காலியை ஏற்றும் மின்தூக்கி பொருத்திய பேருந்துகள் ஒரு துறைமுகத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும், முந்தியவர்களுக்கே அவை கிடைக்கும்.

அறையையும் அப்போதே பாருங்கள். சாதாரண அறைக் கதவின் அகலம் 24 அங்குலத்துக்கும் குறைவாக இருப்பது சகஜம். நம் ஊர் மடக்கு நாற்காலி ஏறக்குறைய 25 அங்குலம் இருக்கும். அறைக்குள்ளேயே நுழையாத நாற்காலியை வைத்துக்கொண்டு கரைக்குப் போவதைப் பேசிப் பயனில்லை.

டெண்டர் துறைமுகம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால்?

கப்பல் கரையை ஒட்டி நிற்காமல் கடலில் நங்கூரம் போட்டுவிடும். பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டு போவார்கள். அந்தப் படகுதான் டெண்டர். கப்பலின் அடித்தளத்தில் ஒரு சிறு மேடை, அதை ஒட்டிப் படகு. அலைக்கு ஏற்ப இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். படகு மேலே வரும் நொடியில் காலெடுத்து வைக்க வேண்டும். இருபுறமும் மாலுமிகள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் ஆளைத் தூக்கிவிடமாட்டார்கள். கனமான மின் நாற்காலியையும், நடக்கச் சிரமப்படுவோர் உட்கார்ந்து ஓட்டும் மின் ஸ்கூட்டரையும் பல கப்பல்கள் டெண்டரில் ஏற்றவே ஏற்றாது. அன்றைய கடல் நிலவரத்தைப் பார்த்துக் கப்பல்தலைவர் சொல்வதுதான் முடிவு.

ஆகவே பயணத் திட்டத்தை வாங்கியதும், எந்தெந்த ஊரில் கரை, எந்தெந்த ஊரில் டெண்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று அடியாவது எடுத்து வைக்க முடியாதவருக்கு டெண்டர் ஊர்களை இல்லாதவையாகவே கணக்கில் வையுங்கள். ஐந்து ஊர்களில் மூன்று டெண்டர் என்றால் வேறு கப்பலைத் தேடலாம்.

கப்பல் கரையிலேயே கட்டி நிற்கிறது என்றால் கவலை இல்லையா?

கவலை பாதியாகக் குறையும். மீதிப் பாதி கேங்வே, அதாவது கப்பலிலிருந்து இறங்கும் பாலம். கடல் ஏறும்போது கப்பலும் ஏறும், வற்றும்போது இறங்கும். காலையில் சமமாக இருந்த பாலம் மாலையில் செங்குத்தாகி நிற்கும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. மாடிக்கட்டடத்தில் ஒரு தளத்தையும் தாண்டிய உயரம் அது.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு நம் நாட்டு விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கேங்வே அந்தக் கணக்குக்குள் எப்போதும் அடங்குவதில்லை. கப்பலின் வரவேற்பு மேசையில் முதல் நாள் இரவே, "நாளை எந்தத் தளத்திலிருந்து இறங்குவோம், எந்த நேரத்தில் சாய்வு குறைவாக இருக்கும்?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும், கேட்பவர்கள்தான் குறைவு.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா நல்லதா, நாமே வண்டி அமர்த்துவதா? பின்னது மலிவு என்கிறார்களே.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்கள் அமர்த்திய வண்டி தாமதமானால் காத்திருக்காது. பெரிய வேறுபாடு இதுதான். ஆனாலும் நடக்கச் சிரமப்படுவோருக்கு நான் பெரும்பாலும் தனி வண்டியையே சொல்வேன். நாற்பது பேர் கொண்ட பேருந்தில் ஒவ்வொரு இடத்திலும் நம் அம்மா கடைசியாக இறங்கி முதலில் ஏற வேண்டியிருக்கும். வழிகாட்டி பாதிக் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் போய்ச் சேருவார். காசைக் கொடுத்துவிட்டு அவசரத்தை வாங்குகிறோம்.

தனி வண்டியில் நிற்கும் இடமும் நேரமும் நம் கையில். இரண்டே இடங்களைப் பாருங்கள். கப்பல் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள். துறைமுகம் நகரத்திலிருந்து வெகு தூரத்தில் இருந்தால் மட்டும் கப்பல் நிறுவனத்தின் ஏற்பாட்டை எடுங்கள். ரோம் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் சிவிதாவெக்கியா அப்படிப்பட்டது. அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல்.

'சக்கர நாற்காலி வசதி உண்டு' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. நான் அடித்துச் சொல்லும் ஒரே விஷயம் இதுதான்: வசதி உண்டு என்ற வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். வாசலில் எத்தனை படி? வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் எத்தனை மீட்டர்? தரை சிமென்டா, கல் பாவியதா, சரளையா, மணலா? வண்டியில் நாற்காலியோடு அப்படியே ஏறலாமா, அல்லது இருக்கைக்கு மாறி உட்கார வேண்டுமா? கழிவறைக் கதவின் அகலம் என்ன?

ஏற்பாட்டாளர் சொல்லும் 'வசதி', நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்துக்கொள்வார்கள் என்பதாக மட்டுமே இருக்கலாம். எழுந்து மாறி உட்காரக்கூடியவருக்கு அது போதும். முடியாதவருக்கு அந்த நாளே வீண். "பெரிதாகப் படி ஒன்றும் இல்லை" என்ற பதிலை நம்பாதீர்கள். நடக்கிறவர் கண்ணுக்கு மூன்று படி படியாகவே தெரியாது. வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையாகத் தொழில் செய்பவர் சலிக்காமல் அனுப்புவார். மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள்.

அக்கா, அண்ணன் குடும்பம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. மும்பையில் ஒரு பகல் நிற்குமாம். அண்ணியின் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். என்ன காட்டலாம்?

கப்பல் வந்து நிற்பது பாலார்ட் பியரில். நல்ல வேளையாக, பார்க்க வேண்டியவை எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா, பழையவர்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்பார்களே, அது. சாய்தளமும் லிஃப்டும் உண்டு, உள்ளே நிழலும் உண்டு. பிறகு கேட்வே ஆஃப் இந்தியா. 1924-இல் திறந்த வளைவு, முன்னால் சமதளமான திறந்த வெளி. நுழைவில் பாதுகாப்புச் சோதனை இருப்பதால் கூட்டம் சேரும் முன் காலையிலேயே போய்விடுங்கள். சிவாஜி மகாராஜ் ரயில் முனையத்தை உள்ளே போகாமல் எதிர்ப்புறம் வண்டியை நிறுத்திப் பார்த்தாலே கண் நிறையும். வெயில் தாழ்ந்திருந்தால் கடைசியாக மெரின் டிரைவ், அகலமான நடைபாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடற்காற்று வாங்கலாம். நடைபாதையில் ஏறும் இடத்தில் விளிம்புக் கல் உயரமாக இருக்கும், தாழ்வான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு மாட்டுங்கா என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். பழைய சிற்றுண்டி விடுதிகளில் வாசல் படியும் நெருக்கமான மேசைகளும்தான் இருக்கும். போகத்தான் வேண்டுமென்றால் பதினொரு மணிக்குப் போங்கள், அல்லது இட்லியையும் ரசவடையையும் வாங்கிவரச் சொல்லி வண்டியிலேயே சாப்பிடுங்கள்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மும்பை டாக்சிகள் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடுகின்றன, டிக்கியில் பாதியை சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். மடக்கிய நாற்காலி அதில் போகாது. மேலே சாமான் தாங்கி உள்ள கறுப்பு மஞ்சள் டாக்சியோ, பெரிய வண்டியோ சொல்லி வையுங்கள். நாற்காலியோடு ஏறும் சாய்தள வண்டிகளைத் தனியார் சிலர் மும்பையில் இயக்குகிறார்கள், முன்பதிவு இல்லாமல் கிடைக்காது. பழைய கறுப்பு மஞ்சள் வண்டிக்குத் துறைமுக வளாகத்துக்குள் அனுமதி உண்டா, வாசலிலேயே நிறுத்த வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எலிஃபண்டா குகைக்குப் போகலாமா? அங்கே டோலி உண்டு என்கிறார்களே.

டோலி உண்டு. ஆனால் அது கடைசிக் கட்டத்துக்கு மட்டும்தான் உதவும். கேட்வே படித்துறையில் இறங்கிப் படகில் ஏற வேண்டும். சில நேரம் ஒரு படகைக் கடந்துதான் மற்றொரு படகுக்குப் போக முடியும். ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல் பயணம். தீவில் நீண்ட படகுத்துறை, அதற்குச் சிறு ரயில் இருக்கிறது. அதன் பிறகு கடைகளுக்கு நடுவே 120 படிகள். நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்கிச் செல்வது அந்தப் படிகளுக்குத்தான். குகையின் உள்ளே தரை மேடும் பள்ளமும்.

மெதுவாக நடக்கக்கூடிய, கடலுக்கு அஞ்சாத பெரியவர் ஆசைப்பட்டால் அழைத்துப் போங்கள், அந்த மூன்று முகச் சிவனைப் பார்க்க அவருக்கும் உரிமை உண்டு. எழுந்து நிற்கவே முடியாதவருக்கு இதை நான் ஏற்பாடு செய்வதில்லை. கப்பலிலிருந்து ஒரு பகலுக்கு மட்டும் இறங்கியவர்களுக்கு நேரமும் இறுக்கம். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை என்பதையும் கவனியுங்கள்.

மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று கப்பல் போகிறது. அம்மாவுக்கு எது ஒத்துவரும்?

கொச்சி. யோசிக்கவே வேண்டாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் படகுத்துறையே மிதக்கும் மேடை. கடல் ஏறினால் மேடையும் ஏறும், படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலி தடுக்காமல் உள்ளே போகும். டெண்டருக்கு நான் சொன்ன பயம் எதுவும் இங்கே இல்லை. உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போய், சீன வலைகளை ஒட்டிய நடைபாதையில் உலவிவிட்டு வரலாம். படியில்லாமல் கடல்மேல் போகும் அந்த அனுபவம் நம் நாட்டில் எல்லாத் துறைமுகங்களுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயண ஓவியங்கள் மாடியில் இருக்கின்றன, படி ஏற வேண்டும்.

கோவாவில் கப்பல் மர்மகோவா துறைமுகத்தில் நிற்கும், டெண்டர் இல்லை. பழைய கோவா தேவாலயங்களுக்கு வண்டியில் ஒரு மணி நேரம். கடற்கரை வேண்டுமென்றால் மணலில் சக்கரம் புதைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சென்னை மெரினாவில் 2022-இல் போட்ட மரப்பாதையைப் போல எல்லா இடத்திலும் இல்லை. லட்சத்தீவில் பவளத்திட்டும் ஆழமில்லாத காயலும் இருப்பதால் கப்பல் தள்ளியே நிற்கும், சிறு படகில் மாற வேண்டும். அங்கே போனால் அம்மா கப்பலிலிருந்தே தீவைப் பார்ப்பார் என்று முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுக் கப்பல் பயணம் என்றால் எந்தத் திசை சுலபம்?

முதல் முறை என்றால் சிங்கப்பூர். ரயில் நிலையங்களில் லிஃப்ட், பேருந்துகளில் சாய்தளம், நடைபாதைகள் சமம். அங்கிருந்து கப்பல்கள் போகும் பினாங்கில் துறைமுகமே ஜார்ஜ் டவுனில் இருக்கிறது, நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவும் பக்கம். ஆனால் கடைகளின் முன்னால் உள்ள ஐந்தடி அகல நடைத் திண்ணைகள் கடைக்குக் கடை உயரம் மாறும், சாலை ஓரமாகவே நாற்காலியைத் தள்ள வேண்டியிருக்கும். புக்கெட்டில் பல கப்பல்கள் பதோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு டெண்டரில்தான் இறக்குகின்றன.

அலாஸ்காவின் ஸ்கேக்வேயில் மலை ரயிலுக்குச் சக்கர நாற்காலி மின்தூக்கி உள்ள பெட்டி உண்டு, பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். ஜூனோவில் கப்பல்துறையை ஒட்டியே கம்பிவடக் கூண்டு வண்டி. ஐரோப்பாவில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸுக்கு 2020 டிசம்பரில் புதிய லிஃப்ட் வந்துவிட்டது. எல்லோரும் ஆசைப்படும் சாண்டோரினிதான் கடினம்: டெண்டர், அதன் பிறகு 580-க்கும் மேற்பட்ட படிகள் அல்லது கம்பிவட வண்டி, அந்த வண்டி நிலையத்திலும் படிகள்.

பேட்டரி நாற்காலியை எடுத்துப் போகலாமா?

கப்பலில் அனுமதி வாங்கினால் எடுத்துப் போகலாம், இரவில் அறைக்குள்தான் நிறுத்த வேண்டும். விமானத்தில் கழற்றக்கூடிய லித்தியம் மின்கலம் ஒன்று என்றால் 300 வாட் மணி (Wh) வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. மின்கலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது என்னவென்றால், டெண்டர் ஊர்கள் இருந்தால் இலகுவான மடக்கு நாற்காலி ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வெளியே போனால் கழிவறை என்ன செய்வது? அம்மா காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார்.

கூச்சப்பட வேண்டாம். பல குடும்பங்கள் இதைக் கடைசியில்தான், அதுவும் குரலைத் தாழ்த்திக் கேட்கின்றன. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். தண்ணீர் குடிக்காமல் கடலோர வெயிலில் அலைந்தால் வயதானவர்களுக்குத் தலைசுற்றும், சிறுநீர்த் தொற்றும் வரும். சுற்றுலாவைக் கழிவறையை வைத்தே திட்டமிடுங்கள். பார்க்கும் இடம் ஒன்று, கழிவறை உள்ள இடம் ஒன்று என்று மாறி மாறி. பெரிய அருங்காட்சியகம், பெரிய ஓட்டல், வணிக வளாகம் ஆகியவற்றில் அகலக் கதவும் கைப்பிடியும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டு இடத்தைச் சுவையை விடக் கழிவறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பெரியவர்களுக்கான டயபர் போட்டுக்கொள்ளச் சொல்வதும் தவறில்லை, ஆனால் அதை அம்மாவிடம் மகளோ மருமகளோ தனியாகச் சொல்லட்டும், எல்லோர் முன்னாலும் வேண்டாம். மாற்றுத் துணி, ஈரத் துடைப்பான், ஒரு பெரிய துண்டு ஆகியவை நாற்காலியின் பின்பையில் இருக்கட்டும்.

"நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள், நான் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன்" என்கிறார். வற்புறுத்தலாமா?

உண்மையிலேயே ஓய்வு வேண்டும் என்று சொல்கிறாரா, உங்களுக்குச் சுமையாக இருக்கக் கூடாதென்று சொல்கிறாரா என்று பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டாவதைத்தான் அதிகம் சொல்வார்கள். "இரண்டு மணி நேரம், ஒரே இடம், வண்டியிலிருந்து இறங்கி இருபது அடி" என்று அளவோடு சொல்லிக் கேளுங்கள். அளவு தெரிந்தால் பயம் விலகும். அதன் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஊர் எல்லாம் இறங்கிப் போன பிறகு காலியான மேல்தளத்தில் காபியோடு கடலைப் பார்த்து உட்காருவதும் பயணம்தான். யாராவது ஒருவர் முறை வைத்து அவரோடு இருங்கள்.

பணம் கட்டிவிட்டோம். அன்று காலையில் 'கடல் சரியில்லை, சக்கர நாற்காலியை டெண்டரில் ஏற்ற மாட்டோம்' என்றால்?

இரண்டு நிலை. கப்பல் அந்த ஊருக்கே போகவில்லை அல்லது எல்லோருக்கும் டெண்டரை நிறுத்திவிட்டது என்றால், கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பணம் திரும்பி வரும். மற்றவர்கள் இறங்கி, உங்களை மட்டும் ஏற்றவில்லை என்றால்தான் சிக்கல். இதற்கு என்ன விதி என்று பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை துறைமுகத்தில் செல்லாது. தனி வண்டிக்காரரிடம் டெண்டர் ஊர்களில் முழுப்பணம் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

தனி வண்டியில் போய்க் கப்பலைத் தவறவிட்டுவிட்டால், நாற்காலியில் இருப்பவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால்தான் மேலே இரண்டு மணி நேரக் கணக்குச் சொன்னேன். அப்படியும் நேர்ந்தால் துறைமுகத்தில் உங்கள் கப்பலுக்கென்று ஒரு முகவர் இருப்பார். அவருடைய தொலைபேசி எண் கப்பலில் தினமும் தரும் செய்தித்தாளில் இருக்கும். இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உங்களுடையது. சில தனியார் ஏற்பாட்டாளர்கள் அதை ஏற்பதாக எழுதிக் கொடுக்கிறார்கள், அப்படிப்பட்டவரையே தேர்ந்தெடுங்கள்.

கைப்பையில் ஒரு நாளைக்கான மருந்து கூடுதலாக, மருத்துவர் சீட்டு, பாஸ்போர்ட் நகல், ஒரு கடன் அட்டை. இந்த நான்கும் கப்பல் அறையில் இருந்து பயனில்லை, இறங்கும் ஒவ்வொரு முறையும் நாற்காலியோடு வர வேண்டும்.